பொஹீமியச் சிற்றூர்கள் – 9: டாலரின் தாய்வீடு

போன வாரம் பார்த்த ஊர், கண்ணுக்கு விருந்து. யாஹிமோவ் அப்படியல்ல. கார்லோவி வாரியிலிருந்து வடக்கே சுமார் 20 கிலோமீட்டர் போனால், குருஷ்னே மலைத்தொடரின் ஒடுங்கிய பள்ளத்தாக்கில் நீண்ட தெருவாக மேடேறிப் போகிறது ஊர். பின்னால் 1,244 மீட்டர் உயரமுள்ள கிளினோவெட்ஸ் சிகரம். அதைத் தாண்டினால் ஜெர்மனி. இன்று இங்கே மூவாயிரம் பேர்கூட இல்லை. ஆனால் இந்த மலைக்குள் நடந்ததை விட்டுவிட்டு ஐரோப்பாவின் கதையைச் சொல்ல முடியாது என்றே நினைக்கிறேன்.

வெள்ளி கிடைத்ததால் 1516-ல் பிறந்த ஊர் இது. நிறுவியவர் ஸ்டெபான் ஷ்லிக் என்ற பிரபு. ஒரு பக்கம் புனித யோவாகிம், மறுபக்கம் பொஹீமியாவின் சிங்கம் என்று கனத்த வெள்ளிக் காசுகளை அவர் அச்சடித்தார். ஊரின் ஜெர்மன் பெயரான யோவாகிம்ஸ்தாலிலிருந்து காசு ‘தாலர்’ ஆனது. அமெரிக்கா போய்ச் சேர்ந்தபோது டாலர். 1526-ல் மொஹாக்ஸ் போர்க்களத்தில் ஷ்லிக் மாண்டார். இரண்டே ஆண்டில் நாணய உரிமையை அரசர் ஃபெர்டினாண்ட் தன் கைக்குள் கொண்டுவந்தார். அப்போது சுமார் 18,000 பேர் வாழ்ந்த ஊர் இது. பொஹீமியாவில் பிராகுக்கு அடுத்த இடம்.

அந்தக் கூட்டத்துக்கு வைத்தியம் பார்க்க 1527-ல் வந்தவர் அக்ரிகோலா. சுரங்கத் தொழிலின் அடிப்படை நூலாகப் பின்னர் கொண்டாடப்பட்ட அவருடைய புத்தகம் 1556-ல் வெளியானது. தூசி நுரையீரலை அரித்துத் தொழிலாளியைக் கொல்கிறது என்று அதில் எழுதிவைத்தார். தூசியோடு இன்னொன்றும் இருந்தது. வெள்ளியோடு சேர்ந்து வந்த கறுப்புக் கல்லைத் தொழிலாளர்கள் வேண்டாத சரக்கென்று ஒதுக்கினார்கள். அது யுரேனியத் தாது.

19-ஆம் நூற்றாண்டில் அந்தக் கல்லிலிருந்து கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் சாயம் எடுத்தார்கள். மிஞ்சிய சக்கையைப் பைன் மரக் காட்டில் கொட்டினார்கள். 1898-ல் பொலோனியத்தையும் ரேடியத்தையும் கண்டறிந்த மேரி, பியேர் கியூரி தம்பதிக்காகப் பின்னர் டன் கணக்கில் பாரிசுக்குப் போனது அந்தச் சக்கைதான். பைன் ஊசியிலைகள் கலந்த பழுப்பு மண்ணாக அது மூட்டைகளில் வந்து இறங்கியது. 1902-ல் அதிலிருந்து கிடைத்த ரேடியம் குளோரைடு ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு.

1864-ல் ஸ்வோர்னோஸ்ட் சுரங்கத்தில் சுமார் 500 மீட்டர் ஆழத்தில் ஊற்று பீறிட்டுச் சுரங்கமே மூழ்கியது. நாசம் செய்த நீரில் ரேடான் வாயு இருப்பது பிறகு தெரியவர, 1906-ல் ரேடான் குளியல் தொடங்கியது. 1912-ல் ரேடியம் பேலஸ் என்ற அரண்மனை போன்ற விடுதி எழுந்தது. மூட்டு நோயாளிகள் இன்றும் வருகிறார்கள். தொட்டியில் சுமார் இருபது நிமிடம் அசையாமல் உட்கார வேண்டும். நான்கு நாளுக்குள் ரேடான் பாதியாகக் குறைந்துவிடும் என்பதால் நீரைச் சேமித்துவைக்க முடியாது. சுரங்கத்திலிருந்து அவ்வப்போது ஏற்றியாக வேண்டும்.

இதே சுரங்கத்தில்தான் இந்த ஊரின் ஆறாத ரணமும் இருக்கிறது. 1945 நவம்பரில் செய்துகொண்ட ஒப்பந்தப்படி யுரேனியம் முழுவதும் சோவியத் யூனியனுக்குப் போனது. ஊரின் ஜெர்மானியர்கள் போருக்குப் பின் வெளியேற்றப்பட்டிருந்தார்கள். தோண்ட ஆள் வேண்டும். 1949 முதல் அரசியல் கைதிகளைக் கொண்டுவந்தார்கள். ஸ்வோர்னோஸ்ட் முகாமிலிருந்து சுரங்கத்துக்குச் செங்குத்தான மரப்படிகள். கைதிகளை நெருக்கி நிறுத்தி, கூட்டத்தைச் சுற்றி இரும்புக் கம்பிவடத்தை இறுக்கி, ஒரே கட்டாக நடத்திப் போனார்கள். ஒருவர் தடுக்கினால் எல்லோரும் விழ வேண்டியதுதான். பக்கத்து ஓஸ்ட்ரோவில் இருக்கும் ‘சாவுக் கோபுர’த்தில் தாதுவை இடித்துப் பீப்பாய்களில் அடைத்தவர்களுக்கு எந்தப் பாதுகாப்பும் கிடையாது. உலக சாம்பியன்ஷிப் வென்ற செக்கோஸ்லோவாக்கிய ஐஸ் ஹாக்கி அணியின் கோல்கீப்பர் போஹுமில் மோத்ரியும் 1950-ல் 15 ஆண்டுத் தண்டனை பெற்று இந்தச் சுரங்கங்களுக்கு வந்தவர். 1955-ல் விடுதலையானார், 1963-ல், ஐம்பது வயதைத் தொடாமலே இறந்தார். முகாம்கள் 1961 வரை நீடித்தன.

2019-ல் இந்த மலைத்தொடரின் சுரங்கப் பகுதியை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. சாவுக் கோபுரமும் பட்டியலில் இருக்கிறது. அதைச் சேர்த்தது நியாயமான முடிவு. யாஹிமோவ் போகிறவர்கள் பழைய நாணயச்சாலை அருங்காட்சியகத்தோடும் ரேடியம் பேலஸ் வாசலோடும் திரும்பிவிடாதீர்கள். ‘யாஹிமோவ் நரகம்’ என்ற பெயரில் முகாம்கள் இருந்த இடங்களை இணைக்கும் நடைபாதை ஊருக்கு மேலே இருக்கிறது. அதிலும் நடந்து பாருங்கள்.

(அடுத்த வாரம்: தாபோர்)