கைபட்டுத் தேய்ந்த கார்
ஸ்டியரிங் தோலைப் பாழாக்குவது வியர்வை மட்டுமல்ல, பாலிஷும்தான்

வண்டிப் பராமரிப்பு என்றால் என்னவென்று சிகந்தராபாத் கன்டோன்மென்டின் திருமுல்கேரிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ராணுவ வாகனங்கள் உள்ளிட்ட தளவாடங்களைப் பழுதுபார்ப்பதற்கென்று 1943ல் அமைக்கப்பட்ட ஈ.எம்.இ. படைப்பிரிவின் கல்லூரி அங்கேதான் இருக்கிறது. பழைய ராணுவ ஜீப்புகளுக்குத் தோலுறை போட்ட ஸ்டியரிங் கிடையாது. வெறும் வளையம், அவ்வளவே. மதிலுக்கு வெளியே ஓடும் சொந்தக் கார்களின் கதை வேறு. மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஹைதராபாத் வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்தப்படும் இந்தக் கார்களில், சீட்டுக்கு முன்பாகவே கிழடுதட்டிவிடுவது ஸ்டியரிங்தான்.

உண்மையில் தேய்வது தோல் அல்ல, அதன் மேலுள்ள பூச்சு. ஸ்டியரிங் தோலின் மேல் நிறப்பூச்சு; அதற்கும் மேல் பாலியூரிதேனால் ஆன மெல்லிய படலம். வியர்வை, கை எண்ணெய், மோதிரம், வெயில் எல்லாம் சேர்ந்து முதலில் அரிப்பது இந்தப் படலத்தை. அழுக்கும் எண்ணெயும் படிந்து மினுமினுக்கும் ஸ்டியரிங்கைப் பலர் சுத்தமானது என்று நினைத்துக்கொள்கிறார்கள். போதாக்குறைக்கு டாஷ்போர்டு பாலிஷையும் அதில் தேய்க்கிறார்கள். மழையில் சட்டென்று வண்டியை ஒடிக்கும்போது கை வழுக்கினால்தான் விபரீதம் புரியும். கடையில் மாட்டித்தரும் உறை லூசாக இருந்தால் அதுவும் இதே வேலையைச் செய்யும்: கை திரும்பும், சக்கரம் திரும்பாது.

வேலையில் இறங்குமுன் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்க்கலாம். உருண்டு நின்றால் படலம் இருக்கிறது. ஊறி அந்த இடம் கறுத்தால் போய்விட்டது. மேல்பகுதி செதில் செதிலாக உரிந்து உள்ளே துணி தெரிந்தால் அது தோலே அல்ல, ரெக்சின் வகை. அதற்குச் சாயம் பூசுவது காசுக்குக் கேடு.

நிஜத் தோலென்றால் மென்மையான சோப்பு நுரையும் பிரஷும் போதும். துடைக்கும் துணியில் அழுக்கு வராத வரை திரும்பத் திரும்பத் தேய்க்க வேண்டும். பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் எண்ணெய்ப் பிசுக்கை எடுத்து, மிக நைசான உப்புத்தாளால் லேசாக நீவி, வெடிப்புகளில் தோலுக்கான நிரப்பியைத் தடவ வேண்டும். அடுத்தது நிறம். தோலுக்கான சாயத்தை ஸ்பாஞ்சில் தொட்டு மெல்லிசாக, ஒவ்வொரு பூச்சும் காய்ந்த பிறகே அடுத்தது. தடிமனாக ஒரே பூச்சில் முடிக்கப் பார்த்தால் சில வாரங்களில் உரிந்து கையோடு வரும். கடைசியாக மினுக்கம் இல்லாத மேற்பூச்சு. அன்றைக்கே வண்டியை எடுக்காமல் இருப்பது நல்லது.

தோல் கிழிந்தோ, தையல் விட்டோ போயிருந்தால் புதுத் தோல் போடுவதுதான் வழி. ஆம்பூரும் வாணியம்பாடியும் இருக்கும்போது தோலுக்கா பஞ்சம்? ஆனால் செருப்புக்கு ஆகிற தோலெல்லாம் இதற்கு ஆகாது. சுமார் ஒரு மில்லிமீட்டர் தடிமனில், இழுத்தால் கொடுக்கும் தோல் வேண்டும். வளையத்தின் அளவைவிடச் சற்றுக் குறைவாக வெட்டி, இரண்டு ஊசிகளில் மெழுகு தடவிய நைலான் நூல் கோத்து, இழுத்துப் பிடித்துக் கையால் தைக்கிற வேலை இது. மிஷின் உதவாது.

இங்கேதான் ஆபத்தும் இருக்கிறது. 2019 ஜூலை 1 முதல் இந்தியாவில் புதுக் கார்களில் ஓட்டுநருக்கு ஏர்பேக் கட்டாயம். அது இருப்பது ஸ்டியரிங்கின் நடுவில். வளையத்தைக் கழற்ற அதை முதலில் எடுத்தாக வேண்டும். பேட்டரி இணைப்பைப் பிடுங்கி, மின்சாரம் வடியச் சில நிமிடங்கள் பொறுத்த பிறகே பயிற்சி பெற்ற மெக்கானிக் அதைத் தொடுவார். தையல்காரர் கையில் ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போவது சரியல்ல. வளையத்தைக் கழற்றாமல் காரிலேயே உட்கார்ந்து தைப்பவர்களும் இருக்கிறார்கள். நேரம் கூடுதலாகும், ஏர்பேக்கைத் தொட வேண்டியிருக்காது.