காப்டன் யார்?

வேலூர்க் கோட்டையில் 1806ஆம் வருஷம் ஜூலை மாதம் 10ந் தேதி நிகழ்ந்த சிப்பாய்ப் புரட்சியை நம்மவர் வருஷந்தோறும் நினைவுகூர்ந்து வருகின்றனர். சிப்பாய்களுக்கு விதிக்கப்பட்ட புதிய தலைப்பாகையில் தோலால் ஆன ஒரு சின்னத்தைச் சேர்த்ததும் அப்புரட்சியை மூட்டிய காரணங்களுள் ஒன்று என்பது, தோல் தொழிலையே ஜீவனமாகக் கொண்ட அந்தப் பிரதேசத்தார் கவனிக்கத் தக்கது. அன்று சிப்பாய்களிடம் தைரியத்துக்கு யாதொரு குறைவும் இருக்கவில்லை. பொழுது விடிவதற்குள் கோட்டை அவர்கள் வசமாயிற்று, திப்புவின் குமாரர் அரசரென்று கூறப்பட்டார், கொடியும் ஏறிற்று. அதன் பிறகு செய்ய வேண்டுவது இன்னதென்று அறிந்து ஏவுவோரும், ஏவியதைக் கேட்போரும் இல்லாமற் போயினர். பலர் கொள்ளையில் இறங்கினர். ஆர்க்காட்டிலிருந்து குதிரைப் படையுடன் விரைந்து வந்த கில்லெஸ்பி சில மணி நேரத்திற்குள் கோட்டையை மீட்டுக்கொண்டார். நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் மாண்டார்கள்.

இதை நாம் இங்கே எடுத்துக் கூறுவது சரித்திரப் பாடம் நடத்துவதற்காக அல்ல. வீரம் வேறு, பலரை ஒன்றாய் நடத்தும் திறமை வேறு. இரண்டாவது தானாக வருவதில்லை, இளமையிலேயே பழக்கத்தால் வரவேண்டும் என்பதை நினைப்பூட்டவே கூறினோம். அந்தப் பழக்கத்துக்கு நம் தேசத்தில் ஏழைப் பிள்ளைக்கும் எட்டக்கூடிய இடம் ஒன்று உண்டு. அது ஹைஸ்கூலின் விளையாட்டு மைதானம். வாதப் பிரதிவாத சங்கத்தில் பேசுவதற்குச் சொல்வன்மை வேண்டும். வீட்டில் புஸ்தகம் வேண்டும். கபடி ஆடுவதற்கு ஒரு துண்டு நிலமும் நாலு கோடுகளும் போதும்.

இராணிப்பேட்டையிலிருந்து வேலூர், பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி வரையில் பாலாற்றை ஒட்டிச் செல்லும் நிலத்தைத் தோல் நாடு என்றே சொல்லிவிடலாம். 2019ஆம் வருஷத்தில் வேலூர் ஜில்லாவை மூன்றாகப் பிரித்து, ஆம்பூரையும் வாணியம்பாடியையும் திருப்பத்தூர் ஜில்லாவில் சேர்த்தார்கள். எல்லைக் கோடு மாறிற்று, தொழில் மாறவில்லை. ஆவாரம் பட்டையைக் கொண்டு தோல் பதனிட்ட காலம் போய், குரோம் உப்பு வந்து, இப்பொழுது ஐரோப்பிய, அமெரிக்கக் கடைகளுக்குச் செருப்பும் பூட்ஸும் தைத்தனுப்பும் பெரிய ஆலைகள் நடைபெறுகின்றன. அவ்வாலைகளில் தையல் யந்திரத்தின் முன் அமர்ந்திருப்பவர்களில் பெரும் பகுதியினர் பெண்கள். உலகத்துக்குப் பூட்ஸ் தைக்கும் ஊர்ப் பிள்ளைகளில் எத்தனையோ பேர் வெறுங்காலோடு பந்தாடுவதை அங்கே போகிறவர்கள் காணலாம். 1911இல் மோகன் பகான் சங்கத்தார் கல்கத்தாவில் பட்டாளத்து வெள்ளையரை வென்றபோது அவர்களுள் பத்துப் பேர் வெறுங்காலினரே என்பதைச் சொல்லி நாம் பெருமை கொள்வதுண்டு. அந்தப் பெருமையை இன்னும் எத்தனை தலைமுறைக்குச் சொல்லிக்கொண்டிருப்பது!

அப்பிரதேசத்துப் பிள்ளைகள் விஷயத்தில் சட்டத்தில் ஓர் இடைவெளி இருக்கிறது. வக்கீல் தொழில் பழகியவர்களுக்கு அது சட்டென்று கண்ணிற்படும். அரசியல் சாஸனத்தின் 21ஏ பிரிவும், 2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டமும் ஆறு வயது முதல் பதினாலு வயது வரைதான் கல்வியை உரிமையாக்குகின்றன. 2016ஆம் வருஷத்துத் திருத்தச் சட்டம் பதினாலுக்குக் கீழ்ப்பட்டவர்களை வேலையில் அமர்த்தலாகாதென்றும், பதினெட்டு வரையில் அபாயகரமான தொழில்களில் அமர்த்தலாகாதென்றும் விதித்தது. ஆனால் பதினாலுக்கும் பதினெட்டுக்கும் இடையே பள்ளிக்கூடத்தில் பிள்ளையைப் பிடித்து நிறுத்தும் கயிறு சட்டத்தில் இல்லை. ஒன்பதாம் வகுப்பு ஆரம்பிக்கும் இடத்திலேயே உரிமை முடிந்துவிடுகிறது. அந்த வயதில் ஆலைச் சங்கு கூப்பிடும்; வீட்டில் கடன் கூப்பிடும். கணக்கிலும் இங்கிலீஷிலும் பின்தங்கிய பையனைப் பள்ளியில் நிறுத்தி வைக்கும் பொருள் பல வேளைகளில் ஒன்றே ஒன்று: சனிக்கிழமை மாட்ச் இருக்கிறது, தான் போகாவிட்டால் ஏழு பேர் ஆறு பேராய்விடுவார்கள் என்ற எண்ணம். தன்னை நம்பி ஆறு பேர் இருக்கிறார்கள் என்று ஒரு பிள்ளை முதன்முதலாக உணரும் இடம் அது.

இனிக் காப்டன்களை எப்படிப் பொறுக்குகிறார்கள் என்று பார்ப்போம். பெரும்பாலான பாடசாலைகளில் டிரில் மாஸ்டர் ஒரு நாள் காலையில் ஒரு பெயரைச் சொல்லிவிடுகிறார். அந்தப் பெயர் நன்றாக ஆடுகிறவனுடையதாக இருக்கலாம். நிர்வாகத்தாருக்கு வேண்டிய வீட்டுப் பிள்ளையினுடையதாகவும் இருக்கலாம். காப்டனாகியவன் செய்ய வேண்டிய வேலை இரண்டு: காசு சுண்டும்போது தலையா பூவா என்று சொல்வது, கோப்பை கிடைத்தால் படத்தில் நடுவில் நிற்பது. மற்றவற்றையெல்லாம் கோட்டுக்கு வெளியில் நின்று மாஸ்டரே கத்திச் சொல்லிவிடுகிறார். இவ்வாறு பத்து வருஷம் நடந்தால் நல்ல ஆட்டக்காரர்கள் உண்டாகலாம். தலைவர்கள் உண்டாக மாட்டார்கள்.

தோல் நாட்டில் இக்கேள்விக்கு வேறொரு கூர்மையும் உண்டு. தோலைத் தொட்டுப் பிழைப்பவரைத் தாழ்ந்தவரென ஒதுக்கிய பாபம் நம் ஸமூகத்தின்மீது இருக்கிறது. பம்பாய் மாகாணத்துப் பல்வங்கர் பாலுவின் சரித்திரத்தை நம் தேச ஊழியர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் அவசியம். தார்வாரில் பிறந்த அவர் தோல் தொழில் செய்யும் சமார் வகுப்பினர். பூனாவில் வெள்ளைக்காரர்களின் சங்கத்தில் மைதானத்தைச் செப்பனிடும் கூலியாளாக இருந்துகொண்டு, துரைமார்களுக்குப் பயிற்சிக்காகப் பந்து வீசியே இந்தியாவின் தலைசிறந்த பந்து வீச்சாளர்களுள் ஒருவரானார். 1911இல் இங்கிலாந்து சென்ற இந்தியக் கோஷ்டியில் அவர் ஒருவரே நூறு விக்கெட்டுகளுக்கு மேல் வீழ்த்தினார். ஹிந்துக்களின் கிரிக்கெட் கோஷ்டிக்கு அவர் கை வேண்டியிருந்தது. அவர் பந்தைத் தொட்டதில் ஒருவருக்கும் தீட்டு உண்டாகவில்லை. ஆனால் ஆட்ட இடைவேளையில் அவருக்குத் தேநீர் பந்தலுக்கு வெளியே, தூக்கியெறியும் மண் குவளையில். காப்டன் பதவியோ வருஷக் கணக்காக அவருக்கு எட்டவேயில்லை. அவரினும் திறமை குறைந்தவர்கள், பிறப்பில் உயர்ந்தவர்கள் என்பதற்காகவே, அவருக்குக் கட்டளையிட்டார்கள். 1920இல்தான் உபகாப்டன் ஸ்தானம் கிடைத்தது; அதுவும் அவர் சகோதரர்கள் அநியாயத்தைக் கண்டித்து ஆட மறுத்து விலகிய பிறகு. மூன்று வருஷங்கழித்து, 1923இல், அவர் தம்பி விட்டல் ஹிந்துக் கோஷ்டிக்குக் காப்டனானார். பாலு பின்னர் 1932ஆம் வருஷத்துப் பூனா ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டோருள் ஒருவர். 1937இல் காங்கிரஸ் அபேக்ஷகராக நின்று டாக்டர் அம்பேத்கரிடம் தோற்றார்.

ஆடும் உரிமையைக் கொடுத்துவிட்டுக் கட்டளையிடும் உரிமையை வைத்துக்கொள்வது மேல்நிலையிலுள்ளோரின் பழைய தந்திரம். பட்டாளத்தின் உயர் பதவிகளை நெடுங்காலம் நமக்குக் கொடுக்காத வெள்ளைக்கார ஸர்க்கார் செய்ததும் இதுவேயன்றோ? சுயராஜ்யம் கேட்டவர்களாகிய நாம் பள்ளிக்கூடத்து மைதானத்தில் அதையே செய்துகொண்டிருக்கலாகாது.

எதிர்த்திசையில் ஜெயபால் சிங் முண்டாவைப் பார்க்கலாம். 1928இல் ஆம்ஸ்டர்டாமில் தங்கப் பதக்கம் வென்ற இந்திய ஹாக்கிக் கோஷ்டியின் காப்டன் அவர். சோட்டா நாக்பூர் வனக் கிராமத்தில் பிறந்தவர்; ஆக்ஸ்போர்டில் பயின்றவர். 1939இல் ஆதிவாசி மகாஸபையின் தலைமையை ஏற்றார். அரசியல் நிர்ணய சபையில் தம் ஜனங்களுக்காக 1946 டிஸம்பரில் எழுந்து பேசிய அந்தக் குரல், மைதானத்தில் பத்துப் பேரை நடத்திப் பழகிய குரல்.

தலைமையைக் கற்பிப்பது எவ்வாறு என்று கேட்பவர்களுக்குக் கபடியையே உதாரணமாகக் காட்டுவோம். ஏழு பேர் களத்தில். பாடிப் போகிறவனுக்கு முப்பது விநாடி. பிடிபட்டவனும் தொடப்பட்டவனும் வெளியே உட்கார வேண்டும்; எதிரிகளை வீழ்த்தினால் வெளியே போன வரிசைப்படியே உள்ளே வரலாம். இவ்விதி காப்டனுக்கும் பொருந்தும். காப்டன் வெளியே உட்கார்ந்திருக்கும் இரண்டு நிமிஷத்தில் சங்கிலியை யார் கோப்பது, அடுத்து யார் பாடிப் போவது என்று உள்ளே இருப்பவன் ஒருவன் முடிவு செய்தே ஆகவேண்டும். தான் இல்லாதபோதும் தன் கோஷ்டி கலையாதபடி முன்கூட்டியே பழக்கி வைத்தவன் எவனோ அவனே காப்டன். வேலூர்க் கோட்டையில் 1806இல் இல்லாதது இதுதான். மாஸ்டர் வெளியிலிருந்து கத்திக்கொண்டிருந்தால் இந்தப் பாடம் முழுவதும் வீணாகிறது. பயிற்சி ஆட்டங்களிலாவது அவர் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கட்டும். கோஷ்டி தோற்றால் தோற்கட்டும்.

இன்னும் சில. வாரத்துக்கொரு காப்டன் என்று பயிற்சியில் முறை வைக்கலாம். ஒதுங்கி நிற்கும் பையனுக்கும் ஒரு வாரம் வரும். பந்தயத்துக்குரிய காப்டனை ஆடுகிறவர்களே சீட்டெழுதிப் பெட்டியில் போட்டுத் தெரிந்தெடுக்கலாம். நடுவரிடம் ஆட்சேபம் சொல்வதானால் காப்டன் ஒருவனே, கைகட்டி அல்ல, கை நீட்டியும் அல்ல, நிமிர்ந்து நின்று சொல்லப் பழக்க வேண்டும். பஸ் கட்டணம், சாப்பாடு, பந்து வாங்கிய செலவு ஆகியவற்றின் கணக்கை மாணவர்களே எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும். பொதுப் பணத்துக்குக் கணக்குக் காட்டும் வழக்கத்தைப் பதினைந்து வயதில் பழகியவர்கள் பிற்காலத்தில் முனிசிபாலிட்டிக்குப் போனால் ஊருக்கு நன்மை.

தனியே ஆடும் விளையாட்டுகளில் தலைமைக்கு இடமில்லை என்று நினைப்பவர்கள் சத்துவாச்சாரிக்குப் போய்வரலாம். அவ்வூர்ப் பிள்ளையான சதீஷ் சிவலிங்கம் 2014இல் கிளாஸ்கோவில் 77 கிலோ பிரிவில் மொத்தம் 328 கிலோ தூக்கிக் காமன்வெல்த் தங்கம் பெற்றார். 2018இல் கோல்ட் கோஸ்டில், தொடையில் காயத்தோடு வந்து, 317 கிலோ தூக்கி மறுபடியும் பெற்றார். முதலில் அவருக்கு வழிகாட்டியவர் அவர் தகப்பனாரே. பட்டாளத்தில் இருந்தவர், தாமும் பளு தூக்கியவர்; பின்னர்க் காவல்காரராக உத்தியோகம் பார்த்தவர். தனக்குத் தெரிந்ததைச் சிறியவனுக்குச் சொல்லிக்கொடுத்து, அவன் தன்னை மிஞ்சுவதைக் கண்டு மகிழ்வது தலைமையின் மிக அரிய பகுதி. பத்தாம் வகுப்பு மாணவர்கள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு மாலை சொல்லிக்கொடுத்தால் அது பள்ளிக்கூடத்திலேயே கைவரும்.

பெண் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை பாதியாகும். ஆலைகளில் பெண்களே பெரும்பாலோர் என்றோம். அவர்களுக்குக் கட்டளையிடுகிற மேஸ்திரிகளில் பெண்கள் எத்தனை பேர், அவர்களுக்காகப் பேசும் சங்கத் தலைவர்களில் எத்தனை பேர் என்று தொழிற்சங்க நண்பர்கள் விரல்விட்டு எண்ணிப் பார்க்கட்டும். ஆலையில் வாய் திறக்க வேண்டியவள் பள்ளிக்கூடத்தில் ஒரு தடவையேனும், பத்துப் பேர் முன்னிலையில், ‘நீ இடது பக்கம் நில்’ என்று உரக்கச் சொல்லியிருக்க வேண்டும். வயது வந்ததும் பெண்ணை மைதானத்திலிருந்து அழைத்துக்கொள்ளும் பெற்றோரை ஏசிப் பயனில்லை. கூட வரப் பெண் ஆசிரியை, மாற்றுடைக்கு மறைவிடம், பொழுது சாய்வதற்குள் வீடு சேர்க்க வண்டி ஆகிய மூன்றையும் செய்து கொடுத்துவிட்டுக் கேட்டால், ஹிந்து வீடாயினும் முஸ்லிம் வீடாயினும் மறுப்போர் குறைவாகவே இருப்பர் என்பது நம் நம்பிக்கை.

விளையாட்டுப் படிப்பைக் கெடுக்கும் என்று ஹெட்மாஸ்டர்கள் சொல்லி, பரீக்ஷை வருஷத்தில் தேகாப்பியாசப் பீரியடைக் கணக்குக்குக் கொடுத்துவிடுகிறார்கள். மைதானத்துக்குப் போக வேண்டிய அரைமணியில் அரைத் தூக்கத்தோடு போடும் கணக்கினால் எவரும் பாஸானதாக நாம் கேள்விப்பட்டதில்லை. சென்னையில் 1920ஆம் வருஷத்திலேயே ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் ஒய்.எம்.ஸி.ஏ. தேகப் பயிற்சிக் கலாசாலையைத் தொடங்கி, டிரில் என்பதைக் கல்வியின் ஓர் அங்கமாக்க உழைத்தார். நூறு வருஷத்துக்குப் பிறகும் அந்தப் பீரியடைக் களவாடுவது தொடர்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை பள்ளிக்கு மைதானமும் விளையாட்டுச் சாமான்களும் வேண்டுமென்கிறது. ஏட்டிலுள்ளதை நிலத்தில் கேட்பது தேச ஊழியர்களின் வேலை. பந்தயத்துக்குச் சென்று, தம் முகம் அச்சடித்த பனியனை வினியோகித்துவிட்டு இரண்டாம் பாதிக்கு முன்பே எழுந்து போகும் பிரமுகர்களை இந்த ஊழியர் கணக்கில் நாம் சேர்க்கவில்லை.

தோல் முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. பாலாற்றுக் கழிவுநீர் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டார் 1996 ஆகஸ்டு 28ந் தேதி, கெடுத்தவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற தத்துவத்தை இத்தேசத்துச் சட்டமாக்கினார்கள். ஆற்றுக்கும் கிணற்றுக்கும் கணக்கிட்ட அந்த ஈடு சட்டக் கடன். அதைப் பற்றி இங்கே பேசவில்லை. அவ்வூர்களில் வாணியம்பாடி இஸ்லாமியா கலாசாலை போன்ற ஸ்தாபனங்களை எழுப்பிய வள்ளன்மை தோல் வியாபாரிகளிடம் பழமையாகவே உண்டு. கட்டடத்துக்குக் கொடுத்த கை மைதானத்துக்கும் கொடுக்கலாம். ஆலையில் வேலை செய்யும் பழைய ஆட்டக்காரர்களுக்கு வாரத்தில் ஒரு மாலை சம்பளத்தோடு விடுதலை கொடுத்து, பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பலாம். அதற்கு நிலமும் வேண்டாம், கல்வெட்டும் வேண்டாம்.

பாரதியார் தினக் குழு ஆட்டங்களுக்குக் குறுவட்டத்தில் தொடங்கிக் கோஷ்டிகள் பொறுக்கப்படும் சமயத்தில், வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஜில்லாக்களிலுள்ள நம் நண்பர்கள் தத்தம் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குச் சென்று ஒரு கேள்வி கேட்கும்படி வேண்டுகிறோம்: இந்த வருஷம் காப்டன் யார், அவனை அல்லது அவளைத் தெரிந்தெடுத்தவர் யார்? வரும் பதில்களை எமக்கு எழுதியனுப்பினால், பள்ளிகளின் பெயரை வெளியிடாமல், இப்பத்திரிகையிலேயே பிரசுரிப்போம்.