‘பால் பத்தலை போல...’ - தாய்ப்பால் பற்றிய 7 தவறான நம்பிக்கைகளும் உண்மையும்

“குழந்தை அழுதுகிட்டே இருக்கு, பால் பத்தலை போல. ஒரு பவுடர் டப்பா வாங்கிட்டு வந்துடு.” பிரசவம் முடிந்து வீட்டுக்கு வந்த சில நாட்களிலேயே பல வீடுகளில் கேட்கும் வார்த்தை இது. சொல்வது அம்மாவாகவோ மாமியாராகவோ இருக்கும். அக்கறையில்தான் சொல்கிறார்கள். ஆனால், தேவையில்லாமல் வாங்கப்படும் அந்த முதல் டப்பாவில் இருந்துதான் பலருக்குப் பால் குறையத் தொடங்குகிறது.

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால், முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும், அதன் பிறகு மற்ற உணவுகளோடு 2 வயது வரையோ அதற்கு மேலோ தாய்ப்பால் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இந்தியாவில் 88.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. அப்படியிருந்தும் முதல் ஒரு மணி நேரத்தில் தாய்ப்பால் பெற்ற குழந்தைகள் 41.8 சதவீதம்தான் என்கிறது 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வு. காரணங்களில் ஒன்று, காலங்காலமாகச் சொல்லப்படும் சில நம்பிக்கைகள்.

1. “முதல்ல வர்ற மஞ்சள் பால் ஆகாது, சேனை வைக்கணும்”

அந்த மஞ்சள் நிறச் சீம்பாலில்தான் நோய் எதிர்ப்புப் பொருட்கள் அதிகம். ஒரு வேளைக்கு ஒரு டீஸ்பூன் அளவுதான் வரும். பிறந்த குழந்தையின் குட்டி வயிற்றுக்கு அதுவே போதும். சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப்பால் எதுவும் வேண்டாம். குறிப்பாக, தேனில் இருக்கக்கூடிய ஒருவகை பாக்டீரியா ‘பொட்டுலிசம்’ என்ற ஆபத்தான நோயை உண்டாக்கலாம் என்பதால், ஒரு வயது வரை தேன் கூடாது.

2. “குழந்தை அழுதா பால் பத்தலைன்னு அர்த்தம்”

குழந்தை சப்பச் சப்பத்தான் பால் ஊறும். குழந்தை உறிஞ்சும்போது தாயின் உடலில் சுரக்கும் புரோலாக்டின் ஹார்மோன் பாலை உற்பத்தி செய்கிறது. ஆக்சிடோசின் அதை வெளியே தள்ளுகிறது. பால் வெளியேறாமல் தேங்கினால், உடல் உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும்.

இடையில் ஒரு வேளை புட்டிப்பால் கொடுத்தால், குழந்தை வயிறு நிறைந்து தூங்கிவிடும். அந்த வேளைக்கான தாய்ப்பால் அப்படியே தேங்கும். இது தொடர்ந்தால் சில நாட்களில் சுரப்பு நிஜமாகவே குறையும். “நான்தான் அப்பவே சொன்னேனே” என்று இன்னொரு வேளை புட்டி சேரும்.

அழுகைக்குப் பசி மட்டுமே காரணம் இல்லை. ஈரத்துணி, தூக்கம், தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஏக்கம் என எதுவாகவும் இருக்கலாம். முதல் வாரங்களில் ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை பால் குடிப்பதும், மாலை நேரத்தில் விட்டு விட்டுக் கேட்பதும் இயல்பு. சில வாரங்கள் கழித்து மார்பு இளகிப்போவதும், பம்ப்பில் குறைவாக வருவதும் பால் வற்றியதற்கு அடையாளம் இல்லை. மார்பகத்தின் அளவை வைத்தும் பாலைக் கணக்கிட முடியாது.

பார்க்க வேண்டியது இரண்டு விஷயங்கள். ஐந்தாம் நாளுக்குப் பிறகு குழந்தை 24 மணி நேரத்தில் குறைந்தது 6 முறை சிறுநீர் கழிக்கிறதா? முதல் சில நாட்களில் இயல்பாகக் குறையும் எடை, இரண்டு வாரத்துக்குள் திரும்ப ஏறிவிட்டதா? இரண்டுக்கும் ‘ஆமாம்’ என்றால் பொதுவாகப் பால் போதுகிறது என்று அர்த்தம்.

3. “சிசேரியன்னா பால் லேட்டாதான் கொடுக்க முடியும்”

முதுகில் ஊசி போட்டுச் செய்யும் சிசேரியனில் தாய் விழிப்போடுதான் இருப்பார். தாயும் குழந்தையும் நலமாக இருந்தால், நர்ஸ் உதவியோடு முதல் ஒரு மணி நேரத்திலேயே தொடங்கலாம். படுத்தபடியோ, குழந்தையை இடுப்புப் பக்கமாக அணைத்தோ கொடுத்தால் தையலில் அழுத்தம் விழாது.

4. “வெயில் காலம், கொஞ்சம் தண்ணியாவது கொடு”

தாய்ப்பாலில் 87 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். கத்திரி வெயிலிலும் 6 மாதம் வரை தனியாகத் தண்ணீர் தேவையில்லை. தண்ணீர் வயிற்றை அடைத்துக்கொண்டு பால் குடிப்பதைக் குறைக்கும், தொற்றும் வரலாம்.

5. “பத்தியம் இருக்கணும், பழம் சாப்பிட்டா குழந்தைக்குச் சளி பிடிக்கும்”

தாய் சாப்பிடும் பழத்தால் குழந்தைக்குச் சளி பிடிக்காது. சளி வருவது வைரஸால். பால் கொடுக்கும் தாய்க்கு வழக்கத்தைவிட 500 முதல் 600 கலோரி கூடுதலாகத் தேவை. காய்கறி, பழம், பருப்பு, முட்டை, மீன் எல்லாம் சாப்பிடலாம். தாகத்துக்குத் தண்ணீர் குடிப்பதையும் தடுக்கக் கூடாது.

6. “காய்ச்சல் வந்தா பால் கொடுக்கக் கூடாது”

சாதாரணக் காய்ச்சல், சளியில் தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். தாயின் உடல் உருவாக்கும் எதிர்ப்புப் பொருட்கள் பால் வழியே குழந்தைக்கும் போகும். ஹெச்ஐவி, புற்றுநோய் மருந்துகள் போன்ற சில சூழல்களில் மட்டும் டாக்டரின் ஆலோசனை கட்டாயம்.

7. “வேலைக்குப் போனா பால் நிறுத்தித்தான் ஆகணும்”

சட்டப்படி, முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. 50 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள நிறுவனத்தில் குழந்தைகள் காப்பக வசதி இருக்க வேண்டும். தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை அங்கே போய்வரலாம். பாலை எடுத்தும் வைக்கலாம். 25 டிகிரி வரையிலான அறை வெப்பத்தில் 4 மணி நேரம், ஃபிரிட்ஜில் 4 நாட்கள் தாங்கும். நம்ம ஊர் வெயிலுக்கு உடனே ஃபிரிட்ஜில் வைப்பதே நல்லது. கொடுக்கும் முன் வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து இளஞ்சூடாக்கினால் போதும். கொதிக்க வைக்கவோ மைக்ரோவேவில் வைக்கவோ கூடாது.

எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும்?

சிறுநீர் குறைவது, குழந்தை எழுப்பினாலும் பால் குடிக்காமல் சோர்ந்து கிடப்பது, மஞ்சள் காமாலை அதிகரிப்பது, இரண்டு வாரமாகியும் பிறந்த எடைக்குத் திரும்பாதது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்கக் கூடாது. தாய்க்குக் காம்பில் தொடர்ந்து வலியோ புண்ணோ இருந்தால், பெரும்பாலும் குழந்தை வாய் வைக்கும் முறைதான் காரணம். காம்பை மட்டும் சப்பாமல், சுற்றியுள்ள கருவட்டமும் வாய்க்குள் போக வேண்டும். நர்ஸ் ஒருமுறை பார்த்துச் சரிசெய்தாலே பலருக்கு வலி குறைந்துவிடும்.

சில தாய்மார்களுக்கு உண்மையிலேயே பால் போதாமல் போகலாம். அப்போது டாக்டர் பரிந்துரைத்தால் பவுடர் பால் கொடுப்பதில் குற்ற உணர்வு தேவையில்லை. அந்த முடிவைக் குழந்தையின் எடையும் சிறுநீரும் சொல்லட்டும்; பக்கத்து வீட்டு யூகம் சொல்ல வேண்டாம்.