எந்த அடுப்பில் பொங்கும்?

மனநலப் பிரிவுக்கு வந்துபோகும் புறநோயாளிகளில் யார் தன்னைக் காயப்படுத்திக்கொள்வார் என்று கணினி முன்கூட்டியே சொல்லிவிடுமாமே என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். என்ன நோய் என்று பார்த்தாலே தெரிந்துவிடாதா என்பது அவருடைய துணைக் கேள்வி.

துணைக் கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது. சுயதீங்கோடு மருத்துவமனைக்கு வரும் பெரியவர்களில் சுமார் 84 விழுக்காட்டினருக்கு ஏதோ ஒரு மனநலப் பாதிப்பு இருப்பதாக, ஆக்ஸ்ஃபோர்டின் கீத் ஹாட்டன் குழு பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2013இல் சொன்னது. மனச்சோர்வு, பதற்றம், குடி ஆகியவை முன்னே நின்றன. இதைத் திருப்பிப் போட முடியாது. மனச்சோர்வு உள்ளவர்களில் பெரும்பாலோர் தங்களைக் காயப்படுத்திக்கொள்வதில்லை.

   

கணிப்பது ஏன் கடினம் என்று ஒரு கணக்கில் பார்ப்போம்; நோயாளிகளுக்குப் பதில் பால். எண்கள் கற்பனை. ஆயிரம் வீட்டு அடுப்பில் பால் இருக்கிறது. இருபதில் பொங்கி வழியப்போகிறது. பொங்குவதிலும் பொங்காததிலும் ‘80 விழுக்காடு துல்லியம்’ என்று விளம்பரம் செய்த கருவி ஒவ்வொரு வீட்டிலும். பொங்கும் இருபதில் பதினாறைப் பிடித்துவிடும், சபாஷ். பொங்காத 980இல் ஐந்தில் ஒன்று, அதாவது 196 வீடுகளில், சும்மாவே அலறும். ஆக 212 அலறல், உண்மை 16. நூற்றுக்கு எட்டுகூடத் தேறவில்லை. விட்டுப்போன நாலு வீட்டிலோ கருவியை நம்பி வாசலில் கதை பேசிக்கொண்டிருப்பார்கள். அரிதாக நடப்பதைத் தேடும் கருவி அபாரத் துல்லியம் கொண்டதாக இல்லாவிட்டால் இதே கதிதான். செயற்கை நுண்ணறிவு என்று பெயர் சூட்டினாலும் கணக்கு மசியாது. நோயின் பெயர், பசும்பாலா எருமைப்பாலா என்று சொல்லும். தீ எப்போது ஏறும், அப்போது பக்கத்தில் யார் இருப்பார் என்பதைச் சொல்லாது.

தற்கொலை எண்ணம், முயற்சி பற்றிய ஐம்பதாண்டு ஆய்வுகள் 365ஐ ஜோசஃப் ஃபிராங்க்ளின் குழு 2017இல் அலசியது. கணிப்புகள் குருட்டு யூகத்தைவிடக் கொஞ்சமே மேல். சுயதீங்கு மீண்டும் நேருமா என்று கணிக்க மதிப்பெண் அட்டவணைகளைப் பயன்படுத்தாதீர்கள் என்று பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2022இல் சொல்லிவிட்டது.

பலன் தந்தது எளிமையான ஒன்று. தவிப்பு ஏறுவதன் அறிகுறிகள், அப்போது செய்யக்கூடியவை, யாரை அழைப்பது, ஆபத்தானவற்றை எப்படி விலக்கிவைப்பது என்று நோயாளியும் மருத்துவரும் சேர்ந்து ஒரு தாளில் எழுதுகிறார்கள். பிறகு தொலைபேசியில் விசாரிக்கிறார்கள். அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளில் ஸ்டான்லி, பிரவுன் குழு இதைச் செய்து பார்த்தது. அடுத்த ஆறு மாதங்களில் தற்கொலை சார்ந்த செயல்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததாக 2018இல் எழுதினார்கள். யாருக்குப் பொங்கும் என்று அந்தத் தாள் கணிப்பதே இல்லை.

(மனம் தவிப்பவர்கள் எந்நேரமும் அழைக்கலாம்: டெலி மானஸ், 14416.)