பேசும் பொம்மையின் தாடை

'அவர்கள்' (1977) படத்தில் கமல்ஹாசனோடு வாயாடும் ஜூனியரை நினைவிருக்கிறதா? அந்த மாதிரிப் பொம்மையை வீட்டிலேயே செய்துவிடலாம். முகம் சற்றுக் கோணினாலும் பாதகமில்லை, அதுவும் ஒரு களைதான். தாடை மட்டும் சொன்னபடி கேட்கவேண்டும்.

பொம்மைக்காகப் பேசுபவர் தன் உதட்டை அசைக்கக் கூடாது. உதடு ஒட்டாமல் ப, ம சொல்ல முடியாது. ஆகவே 'அம்மா' என்பதை, நாக்கைப் பல்லில் வைத்து ஏறக்குறைய 'அந்நா' என்று சொல்லிவிடுவார். அதே கணம் பொம்மையின் வாய் படக்கென்று மூடினால், நம் காதில் 'அம்மா' என்றே விழும். தாடை கொஞ்சம் பிந்தினாலும் குட்டு வெளிப்பட்டுவிடும்.

சிகாகோவின் ஃபிராங்க் மார்ஷல், பொம்மையைப் பேசவைக்கும் கலைஞர் பால் வின்செல்லின் ஜெரி மஹோனி போன்ற புகழ்பெற்ற பொம்மைகளை மரத்தில் செதுக்கினார். உளி பிடித்துப் பழகாதவர்களுக்குக் காகிதம் போதும். களிமண்ணில் தலையைப் பிடித்து, மேலே பிளாஸ்டிக் தாள் சுற்றி, பசையில் தோய்த்த காகிதத் துண்டுகளை அடுக்கடுக்காக ஒட்டவேண்டும். நன்றாகக் காய்ந்ததும் காதுக்குப் பின்னால் இரண்டாக அறுத்துக் களிமண்ணை எடுத்துவிட்டால், கனமில்லாத கூடு கிடைக்கும்.

வாயின் இரு ஓரங்களிலிருந்து மோவாய்வரை அறுத்தெடுத்த துண்டுதான் தாடை. கன்னங்களுக்கு உள்ளே குறுக்காக ஒரு கம்பியை அச்சாகக் கொடுத்து, அதில் தாடையை மாட்டவேண்டும். அச்சுக்கு முன்பக்கமாகத் தாடையில் கட்டிய நூல், கழுத்துக்குக் கீழே நீளும் குச்சியிலுள்ள விசைக்கு வரும். கட்டைவிரலால் இழுத்தால் வாய் திறக்கும். விட்டால் ஸ்பிரிங் மூடிவிடும். ஸ்பிரிங் விறைப்பாக இருந்தால் சற்று நேரத்திலேயே விரல் கடுக்கும். தொய்வாக இருந்தால் வாய் சோம்பலாக மூடும். இதைச் சரிபார்க்க எத்தனை நாள் ஆனாலும் தகும். மூடும்போது 'டொக்' என்று கேட்காமலிருக்க, மேலுதட்டின் உள்பக்கம் மெல்லிய தோல் துண்டை ஒட்டிவிடலாம்.

பூச்சில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கிய முகத்தில் எனாமலை அடித்தால், மேடை வெளிச்சத்தில் நெற்றியும் மூக்கும் மின்னி உயிரற்றுப் போகும். பளபளப்பில்லாத அக்ரிலிக்கை நீர்க்கக் கரைத்து, ஒன்று காய்ந்தபின் இன்னொன்றாக ஏற்றவேண்டும். கன்னம், காதுமடல், மூக்கு நுனி ஆகியவற்றில் லேசாகச் சிவப்பு. கண்ணுக்கு மட்டும் வார்னிஷ். அந்த மினுக்கம் ஈரக் கண்ணாகத் தெரியும்.

பூச்சு ஏற ஏறத் தாடையும் கன்னமும் நெருங்கிவிடும். அறுக்கும்போதே ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விட்டுவைப்பது இதற்காகத்தான். அப்படியும் உரசினால், நன்றாகக் காய்ந்தபின் அந்த இடத்தை மட்டும் தேய்த்துவிட்டுச் சட்டை மாட்டலாம்.