ஒளியும் நிறமும் பிரிந்த விதம்

மாணவர்களே, அமெரிக்காவில் வண்ணத் தொலைக்காட்சி தோன்றியபொழுது, அதனை வகுத்தோர்க்குப் பெருந்தொல்லையாய் நின்றவை பழைய கறுப்பு வெள்ளைப் பெட்டிகளே. பல இலட்சம் குடும்பங்கள் அவற்றை விலை கொடுத்து வாங்கியிருந்தன. 1950-இல் ஏற்கப்பெற்ற ஒரு வண்ண முறை அப்பெட்டிகளில் படம் காட்டாது, அது நிலைக்கவில்லை. 1953 டிசம்பரில் ஒப்புதல் பெற்ற என்.டி.எஸ்.சி. முறையோ, ஒரே ஒளிபரப்பை இருவகைப் பெட்டிகளும் ஏற்குமாறு செய்தது.

சிவப்பில் 30, பச்சையில் 59, நீலத்தில் 11 என நூற்றுக்கூறு சேர்த்து ஒளிச்சைகை ஆக்கினர். கண்ணுக்குப் பச்சையே மிகப் பளிச்செனத் தோன்றுவதால் இந்த ஏற்றத்தாழ்வு. பழைய பெட்டிக்கு இதுவே போதும். நிறத்தை எங்கே வைப்பது? படம் வினாடிக்கு 15,734 வரிகளாக வரையப்படுகிறது. ஒரு வரி அதன் முன்வரியைப் பெரிதும் ஒத்திருக்குமாதலின், ஒளிச்சைகையின் ஆற்றல் அவ்வெண்ணின் மடங்குகளில் கொத்துக் கொத்தாய்க் கூடி நிற்கும், இடையிடையே வெற்றிடம். நிறத்தைச் சுமக்கும் துணையலைக்கு வினாடிக்கு 35,79,545 அதிர்வு வகுத்தனர். அது வரி எண்ணிக்கையின் பாதியைப்போல் 455 மடங்கு. ஆகவே வெற்றிடத்திலேயே விழும். வரிசைப் பயிரினிடையே ஊடுபயிர் இட்டாற்போன்றது இது.

விதைத்தது எளிது, பிரித்து அறுப்பதன்றோ கடினம்! தொடக்ககாலப் பெட்டிகள் துணையலையைச் சுற்றியுள்ள பகுதி முழுவதையும் ஒளிவழியிலிருந்து வெட்டி எறிந்தன. பயிரும் உடன் போயிற்று. தலைமயிர், துணியின் இழை போன்ற நுட்பங்கள் மங்கின. நிறவழியில் புகுந்த ஒளிநுட்பமோ நிறமென்றே கொள்ளப்பட்டது. நெருங்கிய கோடுள்ள சட்டையில் வானவில் நெளிந்தது இதனாற்றான்.

சீப்பு வடிகட்டி என்னும் அமைப்பு இதற்கு மாற்றாயிற்று. ஒரு வரிக்குள் துணையலை 227½ முறை அதிர்கிறது. அந்த அரை அதிர்வைக் கவனியுங்கள். முன்வரியில் மேடாய் இருந்தது அடுத்த வரியில் பள்ளமாகும். இரு வரிகளையும் கூட்டினால் நிறம் அழிந்து ஒளி நிற்கும். கழித்தால் ஒளி அழிந்து நிறம் நிற்கும். இதற்கு முன்வரியை 63.5 மைக்ரோவினாடி நிறுத்தி வைத்தல் வேண்டும். மின்னலையாகவே தாமதப்படுத்துவதாயின் பல கிலோமீட்டர்க் கம்பி தேவை. ஆதலால் அதனை ஒலியதிர்வாக்கிக் கண்ணாடித் துண்டொன்றினுள் செலுத்தினர். ஒலி மெதுவாகச் செல்வதாகலின், கையளவுக் கண்ணாடியே போதியதாயிற்று. இந்த உத்தி எனக்கு இன்றும் வியப்பே.

எனினும் அடுத்தடுத்த வரிகள் ஒத்திருந்தாலன்றி இக்கணக்குப் பொருந்தாது. சிவப்புப் பட்டையின் கீழ் நீலப்பட்டை வரும் இடத்தில் கழித்தல் பிழைக்கும். அவ்வெல்லை நெடுகச் சிறு புள்ளிகள் வரிசையாய்த் தோன்றும்.