சுழியோடிய அன்றே மலை ஏறாதீர்கள்

நிலாவெளியிலோ பாசிக்குடாவிலோ ஸ்கூபாவுக்குப் பணம் கட்டப் போனால் ஒரு கேள்வி கேட்பார்கள்: "நாளைக்கு பிளைட் இருக்கா?" வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களை மனதில் வைத்து உருவான கேள்வி அது. ஹட்டனிலிருந்தும் நுவரெலியாவிலிருந்தும் வேன் பிடித்துப் போகும் நம் பிள்ளைகள் "இல்லை" என்று சொல்லிவிட்டு உடுப்பு மாற்றப் போய்விடுகிறார்கள். அவர்கள் சொன்னது உண்மைதான். ஆனால் அன்றிரவே அவர்கள் ஏறப்போகும் உயரமும் விமானத்துக்குள் உள்ள உயரமும் ஏறக்குறைய ஒன்று.

பயணிகள் விமானம் முப்பதாயிரம் அடிக்கு மேலே பறந்தாலும், அதன் உள்ளே காற்றழுத்தத்தை 6,000 முதல் 8,000 அடி உயரமான ஒரு மலையில் இருக்கும் அளவுக்கு வைத்திருப்பார்கள். நுவரெலியா நகரம் 1,868 மீற்றர், அதாவது 6,128 அடி உயரத்தில் இருக்கிறது. ஹட்டன் 1,271 மீற்றர். பட்டிப்பொல ரயில் நிலையம் 1,890 மீற்றருக்கும் மேலே. ஸ்கூபா முடித்தவர் உடனே விமானம் ஏறக்கூடாது என்று உலகம் முழுக்கச் சொல்கிறார்கள். அதே காரணத்துக்காகவே அவர் உடனே நுவரெலியாவுக்கும் ஏறக்கூடாது. கடலோரத்தில் தொழில் நடத்துகிறவருக்கு மலை நினைவுக்கு வருவதில்லை, மலையில் பிறந்தவருக்குத் தன் வீடு ஓர் உயரம் என்றே தோன்றுவதில்லை. இந்த இடைவெளியில் யாரும் யாரையும் எச்சரிக்காமல் போய்விடுகிறார்கள்.

உடம்புக்குள் நடப்பது இதுதான். நாம் சுவாசிக்கும் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். தரையில் அது உள்ளே போய் அப்படியே வெளியே வந்துவிடும். கடலுக்குள் ஒவ்வொரு பத்து மீற்றருக்கும் இன்னொரு வளிமண்டலத்தின் அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தத்தில் சிலிண்டர் காற்றைச் சுவாசிக்கும்போது நைட்ரஜன் இரத்தத்திலும் கொழுப்பிலும் மூட்டுகளிலும் கரைந்து சேர்கிறது. மேலே வந்த பிறகு அது மூச்சு வழியாக மெல்ல மெல்ல வெளியேற மணிக்கணக்கில் ஆகும். அதற்குள் வெளி அழுத்தம் இன்னும் குறைந்தால், மூடி திறந்த சோடாப் போத்தலைப் போலக் கரைந்திருந்த வாயு குமிழியாகிறது. நுவரெலியாவில் காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குதான். கடற்கரையில் அடங்கியிருந்த குமிழி மலைப் பாதையில் பெரிதாகலாம். மூட்டில் நின்றால் வலி. முதுகுத் தண்டில் நின்றால் கால் விளங்காமல் போகலாம்.

இந்த நோய் நம் நாட்டுக்குப் புதிதல்ல. வடக்கிலும் கிழக்கிலும் சங்குக்கும் கடல் அட்டைக்கும் சிலிண்டர் கட்டி இறங்கும் சுழியோடிகளில் பலர் இதனால் நடக்க முடியாமல் முடங்கியிருக்கிறார்கள். பிழைப்புக்காக ஒரே நாளில் பலமுறை ஆழம் போய் வருகிறவர்கள் அவர்கள். அவர்களுடைய குடும்பங்களுக்கு இந்தக் குமிழியின் கொடுமை தெரியும். நமக்குத் தெரியாமல் இருப்பதற்குக் காரணம், நாம் அண்மைக் காலத்தில்தான் கடலுக்குள் இறங்கத் தொடங்கியிருக்கிறோம் என்பதே.

எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்? டைவர்ஸ் அலெர்ட் நெட்வொர்க் என்ற சர்வதேச அமைப்பின் பரிந்துரை இப்படி: ஒரே ஒரு முறை சாதாரணமாக இறங்கியிருந்தால் குறைந்தது 12 மணி நேரம். ஒரே நாளில் இரண்டு முறையோ, தொடர்ந்து பல நாட்களோ இறங்கியிருந்தால் குறைந்தது 18 மணி நேரம். மேலே வரும் வழியில் கட்டாயமாகத் தரித்துத் தரித்து வரவேண்டிய ஆழமான சுழியோட்டம் என்றால் அதையும் விட மிக அதிகம். மட்டக்களப்புக் கடலில் ஐம்பது மீற்றருக்கும் கீழே கிடக்கும் ஹெர்மிஸ் கப்பலைப் பார்க்கப் போகிறவர்கள் இந்த மூன்றாம் வகை. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த விமானந்தாங்கிக் கப்பல் அது. அதைப் பார்த்துவிட்டு அன்று மாலையே வீட்டுக்குக் கிளம்பும் பேச்சே கூடாது. இந்த வரம்புகள் 2,000 அடிக்கு மேலே போகிறவர்களுக்காகச் சொல்லப்பட்டவை. ஒரு நாள் முழுதும், 24 மணி நேரம், என்று மனதில் வைத்துக்கொண்டால் பெரும்பாலானவர்களுக்குக் கணக்குப் பார்க்கும் வேலையே இல்லை.

இப்போது நம் பயணத்தைப் பாருங்கள். காலை ஒன்பது மணிக்கு நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவில் சுழியோட இறங்குகிறார்கள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வேன் கிளம்புகிறது. ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை, கண்டி. பொழுது சாய்ந்ததும் கம்பளை தாண்டி, புசல்லாவை வழியாக இறம்பொடை ஏற்றம். பன்னிரண்டு மணி நேரம் ஆவதற்குள் ஆறாயிரம் அடி. நாளைக்கு வேலை, நாளைக்குப் பாடசாலை, வேன்காரருக்கு இன்னொரு ஓட்டம் என்று அவசரத்துக்கு ஆயிரம் காரணங்கள் உண்டு. அதனால்தான் நான் நேரத்தை விட வரிசையைப் பற்றிப் பேச விரும்புகிறேன். முதலில் கோயில், கடைசி நாள் கடல் என்று போவது பழக்கமாகிவிட்டது. அதை மாற்றிவிடுங்கள். முதல் நாள் காலையில் கடல். மறுநாள் கோணேஸ்வரம், கன்னியா வெந்நீரூற்று. அன்று மாலை கிளம்பலாம். ஒரு ரூபாய் கூடுதல் செலவில்லாமல் ஆபத்து விலகிவிடும். அப்படிச் செய்ய முடியாதென்றால் வழியில் தம்புள்ளையிலோ மாத்தளையிலோ இரவு தங்குங்கள். அவையெல்லாம் 2,000 அடிக்குக் கீழே. கண்டி நகரமும் கீழேதான், அங்கே ஒரு உறவு வீடு இல்லாத குடும்பம் நம்மில் குறைவு.

தெற்குப் பக்கம் போகிறவர்களுக்கு வேறொரு சிக்கல். கிழக்குக் கடல் அமைதியாக இருப்பது மே முதல் செப்டெம்பர் வரை. ஹிக்கடுவ, உனவட்டுன கடல் தெளிவது நவம்பர் முதல் ஏப்ரல் வரை. சிவனொளிபாத மலைப் பருவமும் பெரும்பாலும் அந்த மாதங்களில்தான். பகலில் ஹிக்கடுவயில் சுழியோடிவிட்டு, இரவே நல்லதண்ணி வந்து விடியலுக்குள் உச்சிக்கு ஏறத் திட்டம் போடுகிறவர்கள் உண்டு. உச்சி 2,243 மீற்றர். உயரம் ஒரு பக்கம், ஆயிரக்கணக்கான படி ஏறும் கடும் உழைப்பு மறுபக்கம். சுழியோடிய பின் கடுமையாக உடல் வருத்துவதே குமிழியைத் தூண்டும். இரண்டையும் ஒரே நாளில் சேர்க்கவே கூடாது.

வேன், கார் ஓட்டும் நம் அண்ணன் தம்பிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. திருகோணமலையில் ஏற்றி நுவரெலியாவில், எல்லவில் இறக்கும் வெளிநாட்டு விருந்தினர்களிடமும், கனடாவிலிருந்து வந்த சொந்தக்காரர்களிடமும் "கடைசியாக எப்போது டைவ் பண்ணினீங்க?" என்று கேளுங்கள். அவர்களுக்கு விமான விதி தெரிந்திருக்கும், நம் மலையின் உயரம் தெரியாது. பாதையை அறிந்தவர் நீங்கள்தான்.

பயந்துபோய்க் கடலையே தவிர்க்க வேண்டாம். நீந்துவதற்கும், முகமூடியும் குழாயும் மாட்டி மேலே மிதந்தபடி பவளப்பாறை பார்ப்பதற்கும் இந்தக் காத்திருப்பு தேவையில்லை. சிலிண்டர் காற்றைச் சுவாசித்தவருக்கு மட்டுமே இது.

அறிகுறிகளைச் சொல்கிறேன். தோள், முழங்கை, முழங்காலில் ஆழமான வலி. தோலில் அரிப்பு, பளிங்குக் கல் போலத் திட்டுத் திட்டான நிறம். தலைசுற்றல், அளவுக்கு மீறிய களைப்பு. கை கால் மரத்துப்போதல், நடை தடுமாறுதல், சிறுநீர் போகாமை. பெரும்பாலும் சில மணி நேரத்துக்குள், அநேகமாக ஒரு நாளுக்குள் தெரிந்துவிடும். எனக்குக் கவலை தருவது இவற்றில் முதல் வகை. நாள் முழுக்க வேனில் குந்தியிருந்த அலுப்பு என்று நினைத்து, சித்தாலேப பூசி, பனடோல் இரண்டைப் போட்டுக்கொண்டு லயத்துக் காம்பராவில் படுத்துவிடுவோம். விடிவதற்குள் நோய் முற்றிவிடலாம்.

சந்தேகம் வந்த கணத்தில் வண்டி ஏற்றத்தில் இருந்தால் நிறுத்துங்கள், மேலே போகாதீர்கள். 1990 சுவசெரிய அம்புலன்சை அழையுங்கள், அது இலவசம். நோயாளியைத் தட்டையாகப் படுக்க வையுங்கள். ஆஸ்பத்திரியில் முதல் வார்த்தையாக, "சிலிண்டர் போட்டுக் கடலுக்குள் போய் வந்தவர், இத்தனை மணிக்கு, இத்தனை மீற்றர் ஆழம்" என்று சொல்லுங்கள். அது சொல்லப்படாவிட்டால் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மட்டுமல்ல, பெரிய ஆஸ்பத்திரியிலும் வைத்தியருக்கு இந்த நோய் நினைவுக்கு வரக் காரணமில்லை. முதல் சிகிச்சை முழு ஒட்சிசன். அதை டிக்கோயா ஆதார வைத்தியசாலையிலும் நுவரெலியா ஆஸ்பத்திரியிலும் கேட்டுப் பெறலாம். முழுமையான சிகிச்சைக்கு அழுத்த அறை வேண்டும். நம் நாட்டில் அந்த வசதியும் அனுபவமும் கடற்படை மருத்துவர்களிடம் இருக்கின்றன. திருகோணமலையில் முடங்கிய மீனவர்களுக்கு அவர்கள்தான் சிகிச்சை அளித்து வருகிறார்கள். அங்கே அனுப்ப வேண்டுமா என்று கடற்படையிடம் பேசும்படி வைத்தியரைக் கேட்பது உங்கள் உரிமை. வலி தானாகக் குறைந்தாலும் போகத்தான் வேண்டும்.

கடலுக்குள் இறங்குவதற்கு முன்பே கவனிக்க வேண்டியவை சில உண்டு. உரிமம் இல்லாதவர்களை அறிமுகச் சுழியோட்டத்துக்கு அழைத்துப் போகும்போது 12 மீற்றருக்குக் கீழே கொண்டு போகக்கூடாது என்பது பேடி போன்ற பயிற்சி அமைப்புகளின் விதி. "இன்னும் கொஞ்சம் கீழே காட்டுறேன்" என்பது சலுகை இல்லை, விதிமீறல். தண்ணீருக்குள் மூச்சை ஒருபோதும் அடக்கக்கூடாது, அடக்கியபடி மேலே வந்தால் நுரையீரல் கிழியலாம். மலைக் குளிரில் சளி பிடித்து மூக்கடைத்திருக்கும்போது இறங்கினால் காது கெட்டுப்போகும். வீசிங், வலிப்பு, இருதய நோய், கர்ப்பம் இருந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும். கொடுத்த காசு போய்விடுமே என்று மருத்துவப் படிவத்தில் எல்லாவற்றுக்கும் "இல்லை" போடுவது உயிரோடு விளையாடுவது.

அந்தப் படிவத்தோடு இன்னொரு காகிதமும் வரும். எது நடந்தாலும் நிறுவனம் பொறுப்பில்லை என்று ஆங்கிலத்தில் எழுதியிருப்பார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டோம், இனி வாய் திறக்க முடியாது என்றே நம்மவர்கள் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இலங்கையின் 1997ஆம் ஆண்டு 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டத்தின்படி, தன் கவனக்குறைவால் ஒருவருக்கு மரணமோ உடற்காயமோ நேர்ந்தால் அந்தப் பொறுப்பை ஒப்பந்த வாசகத்தால் தட்டிக்கழிக்க முடியாது. பழுதான கருவியைக் கொடுத்ததும், பயிற்றுநர் விட்டுவிட்டுப் போனதும் அந்தக் காகிதத்தால் கழுவப்படாது. ஆனாலும் புரியாத மொழியில் கையெழுத்து வேண்டாம். தமிழில் வாசித்துச் சொல்லும்படி கேளுங்கள். சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையின் பதிவுச் சான்றிதழையும் கேளுங்கள். காட்டத் தயங்குகிற இடத்தில் இறங்காதீர்கள்.

புறாத்தீவு 1963இல் சரணாலயமாகி 2003இல் தேசிய பூங்காவானது. நுழைவுச் சீட்டை வனஜீவராசிகள் திணைக்களம் தருகிறது. உள்நாட்டவருக்கும் வெளிநாட்டவருக்கும் வெவ்வேறு கட்டணம் என்பதால் அடையாள அட்டை கையில் இருக்கட்டும். படகில் உயிர்காப்பு அங்கி ஒவ்வொருவருக்கும் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்த பிறகே ஏறுங்கள். பவளத்தில் மிதிப்பதும் உடைத்து எடுப்பதும் குற்றம்.

இனி, உள்ளே விடமாட்டோம் என்பவர்களைப் பற்றி. தோட்டத்துப் பிள்ளைகளின் உடுப்பையும் பேச்சையும் பார்த்து, "இங்கே வெளிநாட்டவருக்கு மட்டும்" என்று சொல்லப்படுவதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. அரசியலமைப்பின் 12(3)ஆம் உறுப்புரை, இனம், மதம், மொழி, சாதி, பால் ஆகியவற்றைக் காரணம் காட்டி எவரையும் கடைகளிலும் பொது உணவகங்களிலும் ஹோட்டல்களிலும் பொதுக் களியாட்ட இடங்களிலும் தடுக்கக்கூடாது என்கிறது. 2024 பெப்ரவரியில் உனவட்டுனவில் வெள்ளையர்களுக்கு மட்டும் என்று அறிவிக்கப்பட்ட ஒரு விருந்து, எதிர்ப்புக் கிளம்பியதும் கைவிடப்பட்டது. யாரோ எழுந்து கேட்டதால்தான் அது நடந்தது. தடுப்பவர் தனியார் என்றால் சுற்றுலா அதிகாரசபையின் 1912க்கு முறையிடுங்கள். தடுப்பவர் பொலிஸாகவோ அரச அதிகாரியாகவோ இருந்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 இலக்கம் உண்டு. உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுப் போட ஒரு மாதம்தான் காலம் என்பதால் தாமதிக்கக்கூடாது.

பணத்தில் ஏமாற்றினால், சொன்ன சேவை தராவிட்டால், நுகர்வோர் அதிகாரசபையின் 1977ஐ அழைத்து, மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு செய்ய வேண்டும். அதற்காகத்தான் பில் வேண்டும் என்பது. கையில் எழுதித் தந்த துண்டானாலும் பரவாயில்லை, திகதியும் தொகையும் பெயரும் அதில் இருக்க வேண்டும். விபத்து நடந்தால் பொலிஸில் தமிழில் முறைப்பாடு கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. வேறு மொழியில் எழுதிவிட்டு ஒப்பம் கேட்டால், வாசித்து விளக்கும்வரை போடாதீர்கள். கருவியின் படம், படகின் இலக்கம், கூட வந்தவர்களின் தொலைபேசி எண், வைத்தியசாலைக் காகிதங்கள் எல்லாம் பின்னால் சாட்சி. நட்டஈட்டு வழக்குக்கு இரண்டு ஆண்டு காலம் இருக்கிறது. சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லாதவர்கள் நீதிமன்றங்களை ஒட்டியுள்ள சட்ட உதவி ஆணைக்குழு நிலையத்துக்குச் சம்பளத் துண்டை எடுத்துக்கொண்டு போகலாம். அந்தத் துண்டே உங்கள் வருமானத்துக்குச் சான்று.